தேர்தல் தோல்வி தண்டனை ஆகாது

மாங்காட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்து ஏறினால் குமணன்சாவடியைத் தொட்டு, கரையான்சாவடியைக் கடந்துதான் போக வேண்டும். வெடிகுண்டு வழக்குகளுக்கான பூந்தமல்லி தனி நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கு பூந்தமல்லியில்தான் விசாரிக்கப்பட்டது. 1998 ஜனவரி 28 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் ஒரே நாளில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. கொலை நடந்து ஏழாண்டுகள்கூட அப்போது நிறைவடையவில்லை.

அதே காலகட்டத்தில் தொடங்கிய இன்னொரு வழக்கு உண்டு. 1991 முதல் 1996 வரை தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு. 1996இல் பதிவான அந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இறுதிச் சொல் வந்தது 2017 பிப்ரவரி 14 அன்று. அதற்குப் பத்து வாரங்களுக்கு முன்பே, 2016 டிசம்பர் 5 அன்று, முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் முதலமைச்சராகவே இறந்துபோயிருந்தார்.

அரசு நினைத்தால் எவ்வளவு விரைவாக நகரும், நினைக்காவிட்டால் எவ்வளவு மெதுவாக ஊரும் என்பதை எங்கள் பகுதி மக்கள் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. "பெரிய ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னால் மறுத்துப் பேச ஆள் இருப்பதில்லை. அந்தச் சொல்லில் கோபம் இருக்கிறது. அதைவிட அதிகமாகக் கைவிட்ட மனநிலை இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானதா, அது எங்கே பாய்கிறது, எங்கே பாய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் நியாயமானது. ஆனால் நாம் அதைத் தீர்ப்பு வரும் நாளுக்காகச் சேர்த்து வைக்கிறோம். அதிகாரம் உள்ளவர் தப்பிக்கும் வழியோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, விசாரணை அமைப்பிலும் அரசு வழக்கறிஞர் நியமனத்திலும் சாட்சிக் கூண்டிலும் திறந்து வைக்கப்பட்டுவிடுகிறது. போதாததற்கு, தேர்தலில் தோற்கடித்துவிட்டால் தண்டித்துவிட்டோம் என்று நாம் நம்புகிறோம். இந்த நம்பிக்கைதான் தப்பிக்கிறவருக்கு மிகப் பெரிய பாதுகாப்பு.

சாட்சிகள் மாறிய கதை

சொத்துக்குவிப்பு வழக்கில் குற்றச்சாட்டு எளிமையானது. மாதம் ஒரு ரூபாய் சம்பளம் பெற்றதாகச் சொன்ன முதலமைச்சரும் அவருடன் இருந்த மூவரும் சேர்த்த சொத்து 66.65 கோடி ரூபாய் என்றது அரசுத் தரப்பு. சென்னையில் தனி நீதிமன்றம் அமைந்தது. 250க்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். வழக்கு முடியும் கட்டத்தை நெருங்கியபோது, 2001 மே மாதம் ஆட்சி மாறியது. குற்றம் சாட்டப்பட்டவர் மீண்டும் முதலமைச்சர் ஆனார்.

அதன் பிறகு நடந்ததை உச்ச நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேர் மறு குறுக்கு விசாரணைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் தங்கள் பழைய வாக்குமூலத்திலிருந்து பின்வாங்கினார்கள். தடுத்திருக்க வேண்டிய அரசு வழக்கறிஞர் தடுக்கவில்லை. அவரை நியமித்தது யாருடைய அரசு என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகன் தொடுத்த மனுவின் பேரில், 2003 நவம்பர் 18 அன்று வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது உச்ச நீதிமன்றம். ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் மீதான வழக்கை அந்த மாநிலத்தில் நியாயமாக நடத்த முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெங்களூரில் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா 2014 செப்டம்பர் 27 அன்று ஜெயலலிதாவுக்கு நான்காண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். மூன்று வாரத்தில் ஜாமீன் கிடைத்தது. மேல்முறையீட்டில் அரசுத் தரப்புக்காக வாதாட பவானி சிங்கை நியமித்தது தமிழ்நாடு அரசு. அதாவது, தண்டிக்கப்பட்டவரின் கட்சி நடத்திய அரசு. அந்த நியமனம் செல்லாது, அதற்கான அதிகாரம் கர்நாடக அரசுக்கே உண்டு என்று 2015 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வாரம் கழித்து, மே 11 அன்று, கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சி.ஆர். குமாரசாமி நால்வரையும் விடுதலை செய்தார். வருமானத்துக்கு மேல் இருந்த சொத்து 8.12 விழுக்காடு மட்டுமே, அது குற்றமாகாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில், வங்கிக் கடன்களின் கூட்டுத்தொகை 24.17 கோடி என்று போடப்பட்டிருந்தது. பட்டியலில் உள்ள பத்துத் தொகைகளையும் கூட்டினால் 10.67 கோடிதான் வந்தது. பதின்மூன்றரைக் கோடி ரூபாய் கூட்டல் பிழை!

நாடே பேசிய அந்தப் பிழையை எதிர்த்து மேல்முறையீடு செய்தது கர்நாடக அரசு. வழக்கு தமிழ்நாட்டிலேயே இருந்திருந்தால் மேல்முறையீடு செய்ய வேண்டிய பொறுப்பு யாரிடம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2017இல் நீதிபதிகள் பினாகி சந்திர கோஷும் அமிதவ ராயும் டி'குன்ஹாவின் தீர்ப்பை நிலைநிறுத்தினார்கள். சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரும் சிறை சென்றார்கள். முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதா இறந்துவிட்டதால் அவர் மீதான நடவடிக்கை அற்றுப்போனது.

கட்சி மாறினாலும் முறை மாறவில்லை

இதை ஒரு கட்சியின் கதையாக மட்டும் பார்க்கிறவர்கள் 2023க்குப் பிறகான சென்னை உயர் நீதிமன்றப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்டில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், அப்போதைய, முன்னாள் அமைச்சர்கள் விடுதலையான, விடுவிக்கப்பட்ட வழக்குகளைத் தாமாக முன்வந்து மறுஆய்வுக்கு எடுத்தார்.

முதலாவது க. பொன்முடியின் வழக்கு. 1996 முதல் 2001 வரை அமைச்சராக இருந்த காலத்துச் சொத்து தொடர்பானது. விழுப்புரத்தில் நடந்துகொண்டிருந்த விசாரணை 2022இல் நிர்வாக உத்தரவு மூலம் வேலூருக்கு மாற்றப்பட்டது. 2023 ஜூன் 23 அன்று எழுத்துபூர்வ வாதம் தாக்கலாக, ஜூன் 28 அன்று 226 பக்கத் தீர்ப்பு வந்தது. 172 சாட்சிகள், 381 ஆவணங்கள், அனைவரும் விடுதலை. தீர்ப்பளித்த நீதிபதி இரண்டு நாளில் பணி ஓய்வு பெற்றார். இந்த வேகம்தான் உயர் நீதிமன்றத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

அடுத்து, கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு ஆகியோரின் வழக்குகள். இருவர் மீதும் அ.தி.மு.க. ஆட்சியில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டது. 2021இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, இருவரும் அமைச்சர்களானார்கள். அதே லஞ்ச ஒழிப்புத் துறை மேல் விசாரணை நடத்தி, குற்றம் எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. சிறப்பு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்த விடுவிப்புகளை 2024 ஆகஸ்ட் 7 அன்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அ.தி.மு.க. தரப்பில் ஓ. பன்னீர்செல்வத்தின் வழக்கும் இதே பாதையில்தான் போயிருந்தது: 2006இல் ஆட்சி மாறியதும் வழக்கு, 2011இல் மீண்டும் ஆட்சி மாறிய பின் 2012இல் விடுவிப்பு. அதையும் 2024 அக்டோபரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் இந்த உத்தரவுகளுக்கு உச்ச நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கிடைத்தது. ஆகவே இவர்களில் யாரையும் குற்றவாளி என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை; நான் சொல்லவும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே அமைப்பு, ஒரே ஆவணங்கள், ஒரே ஆள். ஆட்சி மாறியதும் முடிவு மட்டும் மாறுகிறது. லஞ்ச ஒழிப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் 1964இல் உருவானது. அது அன்றும் இன்றும் மாநில அரசின் கீழ் இயங்குகிறது. தன் மேலதிகாரியின் மேலதிகாரியை விசாரிக்க வேண்டிய நிலையில் ஒரு காவல் அதிகாரியை நிறுத்திவிட்டு, அவரிடம் நடுநிலையை எதிர்பார்ப்பது அவருக்குச் செய்கிற அநீதியும்கூட. ஒருவர் உண்மையிலேயே குற்றமற்றவராக இருந்தாலும், தன் ஆட்சியில் தனக்குக் கிடைத்த விடுதலையை எவரிடமும் நிரூபிக்க முடியாமல் போகிறது. இந்த ஏற்பாட்டில் குற்றவாளி தப்புகிறார். நிரபராதியின் பெயரும் கெடுகிறது.

நடத்துநர் வேலைக்குக் கொடுத்த பணம்

கோடிக்கணக்கு வழக்குகள் பலருக்கு எட்டாத உயரத்தில் நடப்பவை. புறநகர்க் குடும்பங்களின் வயிற்றில் அடித்த வழக்கு வேறொன்று உண்டு. 2014 நவம்பரில் போக்குவரத்துக் கழகங்களில் ஓட்டுநர், நடத்துநர், இளநிலைப் பொறியாளர் உள்ளிட்ட வேலைகளுக்கு அறிவிப்பு வந்தது. அப்போது போக்குவரத்துத் துறை அமைச்சர் வி. செந்தில்பாலாஜி. வேலை வாங்கித் தருவதாகப் பணம் வசூலிக்கப்பட்டது என்று 2015இலிருந்து புகார்கள் வந்தன. தன் மகனின் வேலைக்காக 2.60 லட்சம் ரூபாய் கொடுத்து ஏமாந்ததாக ஒரு தந்தை கொடுத்த புகார் அவற்றில் முதன்மையானது. மாங்காடு, குன்றத்தூர், ஆவடி, அம்பத்தூர் என்று இந்தப் பகுதி முழுவதும் மாநகரப் பேருந்தை நம்பி வாழ்கிறது. அந்தக் கழகத்தில் ஒரு வேலை என்பது இங்கே ஒரு குடும்பத்தின் கனவு. கடன் வாங்கியாவது அந்தக் கனவை வாங்கிவிடலாம் என்று தோன்ற வைத்ததுதான் கொடுமையின் தொடக்கம்.

2018இல் செந்தில்பாலாஜி தி.மு.க.வில் சேர்ந்தார், 2021 மே மாதம் மீண்டும் அமைச்சரானார். மூன்று மாதத்துக்குள், ஜூலை இறுதியில், பணம் கொடுத்தவர்களுடன் சமரசம் ஏற்பட்டுவிட்டது என்பதை ஏற்று ஒரு வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. அரசு வேலைக்கு லஞ்சம் வாங்குவது கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான கடன் தகராறு ஆகாது, அது சமூகத்துக்கு எதிரான குற்றம் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பணம் திரும்பி வந்தால் ஏமாந்தவருக்கு ஆறுதல் கிடைக்கலாம். பணம் கொடுக்க வழியில்லாமல், தகுதி மட்டும் இருந்து வேலை இழந்தவருக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? அவர் பெயர் எந்த வழக்கிலும் இல்லை.

அதன் பிறகு, 2023 ஜூன் 14 அன்று அமலாக்கத் துறை செந்தில்பாலாஜியைக் கைது செய்தது. எட்டு மாதம் இலாகா இல்லாத அமைச்சராகவே சிறையில் இருந்தார். 2024 செப்டம்பர் 26 அன்று ஜாமீன் கிடைத்தது. 29 அன்று மீண்டும் அமைச்சர் பதவி ஏற்றார். சாட்சிகள் எப்படி அச்சமின்றிப் பேசுவார்கள் என்று கேட்ட உச்ச நீதிமன்றம், பதவியா ஜாமீனா என்று முடிவு செய்யச் சொன்ன பிறகே, 2025 ஏப்ரல் 27 அன்று விலகினார். இதற்கிடையே பணம் கொடுத்தவர்களையும் சேர்த்து, குற்றம் சாட்டப்பட்டோர் எண்ணிக்கை 2,000ஐத் தாண்டிவிட்டது. இத்தனை பேரையும் நிறுத்தி விசாரிக்கக் கிரிக்கெட் மைதானம்தான் தேவைப்படும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் மனம் வெதும்பிச் சொன்னது. குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கவே முடியாத அளவுக்கு ஒரு வழக்கைப் பெருக்கவும் முடியும் என்பதை மட்டும் இந்த எண்ணிக்கை காட்டுகிறது.

கோபம் வாக்குச்சாவடியில் தீர்ந்துபோகிறது

1995 செப்டம்பரில் நடந்த ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமண ஆடம்பரம் தமிழ்நாட்டின் பொறுமையை உடைத்தது. 1996 மே தேர்தலில் அ.தி.மு.க. வெறும் 4 இடங்களில் வென்றது. பர்கூரில் முதலமைச்சரே தோற்றார். அதுதான் இந்த மாநிலம் கண்ட மிகப் பெரிய கோபம். ஐந்தே ஆண்டில், 2001இல், அதே கட்சி 132 இடங்களைப் பிடித்தது. டான்சி நில வழக்கில் தண்டனை பெற்றிருந்ததால் வேட்பு மனுக்கள் தள்ளுபடியான நிலையிலும் ஜெயலலிதா முதலமைச்சராகப் பதவி ஏற்றார். அந்த நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2001 செப்டம்பர் 21 அன்று தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. மக்கள் கொடுத்த பெரும்பான்மை அரசியல் சட்டத்துக்கு மேலானது ஆகாது என்பதே அதன் பொருள்.

வாக்காளர்கள் மறதிக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தேர்தலில் ஒருவர் தேர்ந்தெடுப்பது அரசாங்கத்தை. விலைவாசி, குடிநீர், சாலை, சாதி, கூட்டணி, இன்னொரு தரப்பின் மீதான சலிப்பு எல்லாமே அந்த ஒரு பொத்தானுக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. அதில் குற்ற விசாரணையையும் ஏற்றினால் தாங்காது. ஆனால் அரசியல்வாதிகள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். தோற்றால் "மக்கள் தண்டித்துவிட்டார்கள், இன்னும் ஏன் வழக்கு, இது பழிவாங்கல்" என்கிறார்கள். வென்றால் "மக்கள் மன்றம் விடுதலை செய்துவிட்டது" என்கிறார்கள். இரண்டு வழியிலும் நீதிமன்றத்துக்கு வேலை இல்லாமல் போகிறது. நம் கோபம் வாக்குச்சாவடியில் தீர்ந்துபோகும்வரை இந்த வாதம் வென்றுகொண்டே இருக்கும்.

கோபத்தின் மறுபக்கம்

தலைவருக்குத் தண்டனை கிடைத்தாலும் இங்கே கோபம் எழுகிறது என்பதை மறைக்கக் கூடாது. 2000 பிப்ரவரி 2 அன்று, கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்ட நாளில், தருமபுரி அருகே வேளாண் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்து கொளுத்தப்பட்டது. மூன்று மாணவியர் எரிந்து இறந்தனர். எந்த வழக்கோடும் தொடர்பில்லாத பிள்ளைகள். அந்த ஓட்டல் வழக்கில் தலைவர் பின்னர் விடுதலையானார். பேருந்தை எரித்த தொண்டர்கள் மூவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, 2016இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டு, 2018 நவம்பரில் அவர்கள் வெளியே வந்தார்கள். தலைவருக்காக எரிகிற தொண்டனின் கோபமும், தலைவர் தப்பியதற்காகக் குமுறுகிற குடிமகனின் கோபமும் நீதிமன்றத்தை நம்பாத ஒரே மண்ணில்தான் முளைக்கின்றன.

கோபம் கேட்டபடியெல்லாம் தண்டனை கொடுப்பதும் நீதி ஆகாது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பூந்தமல்லித் தீர்ப்பே அதற்குச் சான்று. 26 பேருக்கு விதிக்கப்பட்ட தூக்கில், 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது நான்கு பேருக்கு மட்டும். மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 19 பேரை வெளியே விட்டது. நாட்டின் கொந்தளிப்புக்கு நடுவே எழுதப்பட்ட தீர்ப்பு பத்தொன்பது பேரைத் தூக்குமேடைக்கு அனுப்பப் பார்த்தது. ஆகவே நாம் கேட்க வேண்டியது கூடுதல் கடுமையை அல்ல. யார் குற்றம் சாட்டப்பட்டாலும் மாறாத ஒரே நடைமுறையை.

கடலுக்கு அப்பால் பார்த்தால் இரண்டு அனுபவங்கள் துணை நிற்கின்றன. இலங்கையில் 2022 ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடிப் பதவி விலகினார். பொருளாதாரச் சீரழிவுக்குக் காரணமாகி மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை ராஜபக்ச சகோதரர்கள் மீறினார்கள் என்று 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் விதித்தது மனுதாரர்களுக்கான செலவுத் தொகையாக 1,50,000 ரூபாய் மட்டுமே. மலேசியாவில் 2018 தேர்தலில் நஜிப் ரசாக்கைத் தோற்கடித்ததோடு மக்கள் நின்றுவிடவில்லை, வழக்கு தொடர்ந்தது. ஆட்சிகள் மாறி, அவருடைய கட்சியைச் சேர்ந்தவரே பிரதமராக இருந்தபோது, 2022 ஆகஸ்ட் 23 அன்று கூட்டரசு நீதிமன்றம் 12 ஆண்டுத் தண்டனையை உறுதி செய்து அவரைச் சிறைக்கு அனுப்பியது. பின்னர் மன்னிப்பு வாரியம் அதைப் பாதியாகக் குறைத்தது உண்மைதான். ஆனாலும் ஆட்சி மாற்றத்தோடு வழக்கு சாகவில்லை.

கேட்க வேண்டியவை

இந்தியாவிலும் நீதிமன்றங்கள் சில கதவுகளை அடைத்திருக்கின்றன. இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால் உடனே பதவி போகும் என்றது 2013 லில்லி தாமஸ் தீர்ப்பு. மக்கள் பிரதிநிதிகள் மீதான கடும் குற்ற வழக்குகளைக் குற்றச்சாட்டு வனைந்த ஓராண்டுக்குள் முடிக்க 2014இல் உத்தரவானது. உயர் நீதிமன்ற அனுமதியின்றி அவர்கள் மீதான வழக்கை அரசு திரும்பப் பெறக் கூடாது என்றது 2021 ஆகஸ்ட் 10 உத்தரவு. முன்கதவு இப்படி அடைபட்டதால்தான் மேல் விசாரணை, விடுவிப்பு, மேல்முறையீடு செய்யாமை என்ற பின்கதவுகள் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன.

அவற்றையும் அடைக்க மூன்று கோரிக்கைகள் போதும். அமைச்சர்கள், முன்னாள் அமைச்சர்கள் மீதான வழக்குகளில் விசாரணை அதிகாரியையும் அரசு வழக்கறிஞரையும் உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடுதான் நியமிக்கவும் மாற்றவும் வேண்டும். அத்தகைய வழக்கில் விடுதலையோ விடுவிப்போ வந்தால், மேல்முறையீடு செய்வதா இல்லையா என்பதைக் காரணத்தோடு அரசு பொதுவில் அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு வழக்கிலும் எத்தனை வாய்தா, யார் கேட்டது, எத்தனை சாட்சிகள் பிறழ்ந்தார்கள் என்ற விவரத்தை உயர் நீதிமன்றம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

வாக்கு கேட்டு வருகிற எந்தக் கட்சியிடமும் மாங்காட்டு மக்கள் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. வேட்பாளர் தன் மீதான வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வழக்கு எண் கையில் இருந்தால் அடுத்த வாய்தா எப்போது என்பதை நீதிமன்ற இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். தீர்ப்பு நாளில் மட்டும் கொதித்துவிட்டு மறுநாள் அடங்கிவிடுகிற கோபத்தைக் கண்டு அதிகாரத்தில் இருப்பவர் யாரும் அஞ்சுவதில்லை. எதிர்க்கட்சியின் வழக்கில் நீங்கள் காட்டும் அதே கோபத்தை, நீங்கள் வாக்களித்த கட்சியின் வழக்கிலும் காட்டுங்கள். அன்றுதான் அது அவர்களுக்கு அச்சம் தரும்.